பந்தலில் விட்டுவந்த பால்குடம்

வெயில் காலத்தில் நீரிழிவு நோயாளிகளைக் கவனிப்பது பற்றி, புதிதாக நர்ஸ் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள், மருந்தை வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். இதெல்லாம் உங்கள் ஆஸ்பத்திரிச் சுவரிலேயே படம் போட்டு ஒட்டியிருக்கிறது. அதையே நானும் எழுதினால் காகிதத்துக்குத்தான் கேடு. அதனால் அங்கம்மா என்ற ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நல்ல முடிவை எதிர்பார்த்துப் படிக்காதீர்கள், அப்படி ஒன்று இதில் இல்லை.

நான் வேலை பார்த்தது சிலிம் ரிவர் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில். எழுபதுகளில் சேர்ந்தேன், எண்பதுகள் முடியும்வரை இருந்தேன். ஆஸ்பத்திரி என்று பெயர்தான். சில கட்டில்கள், ஒரு மருந்து அலமாரி, டாக்டர் வராத நாட்களில் டாக்டர் வேலையும் பார்க்கும் டிரஸ்ஸர் ஒருவர், நான். நர்சை எங்கள் பக்கம் ‘மிஸ்ஸி’ என்பார்கள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் நான் மிஸ்ஸிதான். டாக்டர் வாரத்தில் ஒரு நாள் காரில் வந்து பார்த்துவிட்டு, பெரிய நோயாக இருந்தால் ஈப்போ ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் வெயில் காலம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். தைப்பூசம் முடிந்ததும் ரப்பர் மரங்கள் மொத்தமாக இலையைக் கொட்டிவிடும். வருடம் முழுக்க நிழலுக்குள் வேலை செய்த சனங்களுக்குத் தலைக்குமேல் கூரை போனமாதிரி ஆகிவிடும். காலடியில் சருகு, மேலே மொட்டைக் கிளை, நடுவில் ஆள். தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளின் தகரக் கூரை மத்தியானத்தில் வெடுக்வெடுக்கென்று சத்தம் போடும். அந்த மாதங்களில் யார் வந்து என்ன சொன்னாலும், “பானாஸ் லா மிஸ்ஸி, வேற ஒண்ணுமில்ல” என்று முடிப்பார்கள். வெக்கையை மலாயில் சொன்னால்தான் அவர்களுக்குத் திருப்தி.

நீரிழிவை எங்கள் சனங்கள் இனிப்புநீர் என்பார்கள். வெயில் காலத்தில் அந்த நோய்க்கு ஒளிந்துகொள்ள இடம் நிறைய. சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும், வெயில் என்பார்கள். சர்க்கரை இறங்கினால் வியர்த்துக் கொட்டும், அதுவும் வெயில். தலைசுற்றல், கைகால் தளர்ச்சி, எரிச்சல், எல்லாப் பழியும் வெயில்மேல்தான். உங்களிடம் இப்போது விரலில் குத்தினால் எண்ணைச் சொல்லும் கருவி இருக்கிறது. எங்களிடம் மூத்திரத்தைக் காய்ச்சி நிறம் பார்க்கும் கண்ணாடிக் குழாய்தான் இருந்தது. சர்க்கரை ஏறியதை அது சொல்லும். இறங்கியதைச் சொல்லாது. அதற்கு உங்கள் கண்ணும் கையும்தான் கருவி.

அங்கம்மாவுக்கும் அவள் புருஷன் வீரையாவுக்கும் இரண்டு பேருக்குமே இனிப்புநீர். இரண்டு பேரும் பால் மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்குகிறவர்கள். பிள்ளைகள் இல்லை. அதனாலோ என்னவோ ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியமாட்டார்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் சோடியாகத்தான் வருவார்கள். வீரையா வாயைத் திறந்தால் கேலி. அங்கம்மா பேசவே மாட்டாள், நாம் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள்.

பங்குனியில் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வரும். ஒரு வருடம் அந்தத் திருவிழாவில் வீரையா தார் ரோட்டில் வெறுங்காலோடு ஆற்றங்கரைக்குப் போய்த் திரும்பினார். கூட வந்தவர்கள் எல்லாம் சூடு தாங்காமல் புல் ஓரமாகத் தாவித் தாவிப் போக, இவர் மட்டும் நடு ரோட்டில் ராஜா மாதிரி நடந்திருக்கிறார். ஆத்தாளுக்கு அவர்மேல் தனிப் பிரியம் என்று பேசிக்கொண்டார்களாம். கொஞ்ச நாள் கழித்து என்னிடம் வந்தபோது உள்ளங்கால் தோல் கழன்று தொங்கியது, நாற்றம் அடித்தது.

“ஏண்ணே, வலிக்கலியா? உடனே வரக்கூடாதா?” என்றேன்.

“வலிச்சாத்தான மிஸ்ஸி வருவேன்?” என்றார்.

இனிப்புநீர் முற்றினால் காலில் உணர்ச்சி செத்துப்போகும் என்று நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்த ஒரு வரிதான் வீரையாவின் வருடம் முழுவதையும் தின்றது. புண் ஆறுவதும் கிளம்புவதுமாக இருந்தது. அடுத்த திருவிழா நெருங்கும்போது விரல்கள் கறுத்துவிட்டன. ஈப்போவில் பார்த்துவிட்டு, காலை எடுக்க வேண்டும், முட்டிக்கு மேலேயா கீழேயா என்பதுதான் கேள்வி என்று சொல்லி நாள் குறித்துவிட்டார்கள். குறித்த நாள் திருவிழாவுக்குப் பிறகு.

இங்கே எங்கள் வேலை முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வைத்தியத்தில் பாதி திட்டுதான். டாக்டர் ஆங்கிலத்தில் திட்டுவார், நான் அதைத் தமிழில் சொல்வேன், என் தமிழில் காரம் கொஞ்சம் தூக்கல். “மருந்தை ஒரு நாளும் விடக் கூடாது. விட்டா காலு போகும், கண்ணு போகும், கிட்னி போகும்.” எல்லாருக்கும் அதே பாட்டுத்தான். எங்கள் சனங்கள் மருந்தை மறந்துவிடுவார்கள் என்பதுதான் எங்கள் பயம். சொன்னதைச் சொன்னபடியே செய்கிற ஒருத்தி இருப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை. புருஷனின் காலைத் தினமும் கட்டு மாற்றிக்கொண்டிருந்த அங்கம்மா அந்த வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

அதே சமயம் அவள் இன்னொரு இடத்திலும் வாக்குக் கொடுத்திருந்தாள். புருஷன் கால் பிழைத்தால் போதும் என்று மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். காப்புக் கட்டிய நாளிலிருந்து ஒரு வேளைச் சோறு. திருவிழா அன்று பாலை ஊற்றும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. அதை எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் திட்டுவேன் என்று தெரியும். நாங்களும் கேட்கவில்லை. விரதத்தைப் பற்றிக் கேட்பது வைத்தியத்தில் ஒரு பகுதி என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

திருவிழாவுக்கு முதலுதவிப் பெட்டியோடு ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் போய் உட்கார வேண்டும். வழக்கமாக டிரஸ்ஸர் போவார். அந்த வருடம் அவர் ஆயர் தாவாரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார், நான் போனேன். நான் வேதக்காரி. எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். கோயில் கூட்டத்தில் ஓரமாக நாற்காலி போட்டு, யாருக்காவது மயக்கம் வந்தால் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். உள்ளூற, சீக்கிரம் முடிந்து வீட்டுக்குப் போனால் தேவலை என்றுதான் இருந்தது.

உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் பால்குடங்கள் ஆற்றங்கரையிலிருந்து திரும்பி, கோயிலுக்கு எதிரே இருந்த தண்ணீர்ப் பந்தல் வரைக்கும் வந்துவிட்டன. மஞ்சள் சேலைக் கூட்டம், உறுமி மேளம், சாம்பிராணிப் புகை. நாலைந்து பெண்கள் அருள் வந்து ஆடினார்கள். அவர்கள் நடுவில் அங்கம்மா நின்றாள். குடத்தை யாரோ வாங்கிப் பந்தல் பெஞ்சில் வைத்துவிட்டார்கள். அவள் ஆடவில்லை, நின்ற இடத்தில் அசைந்துகொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. சேலை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது.

சுற்றிக் கூட்டம் கூடி, கைகூப்பிக் குறி கேட்டார்கள். “ஆத்தா, என்ன கொறைன்னு சொல்லு தாயீ” என்று கேட்டாள் வீரையாவின் தங்கை. அங்கம்மாவின் உதடு அசைந்தது. “தண்ணி” என்றாள்.

உடனே ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் தலையில் ஊற்றினார்கள்.

ஊற்றியவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சாமி வந்தவள் தண்ணீர் கேட்டால் அங்கே அப்படித்தான் செய்வார்கள், வேறு அர்த்தம் யாருக்கும் தோன்றாது. எனக்கும் முதலில் தோன்றவில்லை. நாற்காலியை விட்டு எழுந்ததற்கே காரணம், வேடிக்கை பார்க்கத்தான். கிட்டத்தில் போனபோதுதான் அவள் விரல்களைப் பார்த்தேன். மற்றவர்களின் ஆட்டம் உறுமியோடு போனது. உறுமி முறுக்கினால் முறுக்கியது, தணிந்தால் தணிந்தது. அங்கம்மாவின் விரல்கள் மேளத்துக்குச் சம்பந்தமில்லாமல் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தன.

பூசாரியிடம் போய், “அண்ணே, கொஞ்ச நேரம் மேளத்த நிறுத்தச் சொல்லுங்க” என்றேன். பூசாரி கோயிலில் பூசாரி, மற்ற நாட்களில் அவரும் பால் மரம் வெட்டுகிறவர்தான். கைப்புண்ணுக்கு என்னிடம் கட்டுப் போட்டிருக்கிறார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், இருந்தாலும் கையைக் காட்டினார். மேளம் நின்றது. மற்றப் பெண்கள் மெல்லத் தளர்ந்து ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அங்கம்மாவின் நடுக்கம் நிற்கவில்லை. நான் அவள் கையைப் பிடித்தேன். அந்த வெயிலில், தார் உருகுகிற அந்த வெயிலில், கை சில்லென்று இருந்தது.

“சாமி மேல இருக்கும்போது தொடாதீங்க மிஸ்ஸி!” என்று வீரையாவின் தங்கை கத்தினாள். “வேதக்காரி தொட்டா குத்தமாயிரும்!”

பின்னால் கூட்டம் முனகத் தொடங்கியது. நான் பயந்துவிட்டேன். நான் நினைத்தது தப்பாக இருந்தால், அதற்கப்புறம் அந்தத் தோட்டத்தில் எந்த வீட்டு வாசலிலும் என்னால் ஏற முடியாது. குளுக்கோஸ் ஊசி ஆஸ்பத்திரி அலமாரியில், மேட்டுக்கு அந்தப் பக்கம். கையில் இருந்த பெட்டியில் பஞ்சும் மருந்துத் துணியும்தான். சர்க்கரை எங்கே என்று தேடினால், பக்கத்திலேயே பந்தலில் ஒரு அண்டா நிறையப் பானகம்! வெல்லமும் சுக்கும் போட்டுக் கரைத்தது. வெயிலில் வருகிறவர்களுக்கெல்லாம் மொண்டு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விரதக்காரி அதை எப்படிக் குடிப்பாள்? நான் புகட்டினால் விரதத்தைக் கலைத்தவள் ஆவேன்.

பூசாரியின் காதில் சொன்னேன். “அண்ணே, சாமி இருக்கா இல்லையான்னு நான் சொல்ல வரல. ஆனா இனிப்பு உள்ள போகலன்னா ஆளு போயிரும். நீங்க குடுங்க. தீர்த்தமா குடுங்க.”

அவர் அங்கம்மாவின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு செம்பில் பானகத்தை மொண்டு, கருவறைக்குள் போய் ஆத்தாள் காலடியில் வைத்து எடுத்துவந்தார். “ஆத்தா தீர்த்தம்! வழி விடுங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் கூட்டம் விலகியது.

அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அது நுரையீரலுக்குப் போகும். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வெல்லக் கட்டி கேட்டு வாங்கி, பானகத்தில் நசுக்கிக் குழைத்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினேன். அவள் பல்லைக் கடித்ததில் என் விரலில் ரத்தம் வந்தது. விழுங்குகிறாள் என்று தெரிந்த பிறகு சொட்டுச் சொட்டாகப் பானகம். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு அது ரொம்ப நேரம். பிறகு கண் அசைந்து என் முகத்தில் வந்து நின்றது.

“மிஸ்ஸி... நீங்க எங்க இங்க?” என்றாள்.

“சாமி மலையேறிருச்சு!” என்று யாரோ சொல்ல, குலவைச் சத்தம் எழுந்தது. மேளம் மறுபடி தொடங்கியது. எல்லார் முகத்திலும் சந்தோஷம்.

பிள்ளைகளே, அந்தச் சந்தோஷ நேரம்தான் ஆபத்தான நேரம். அந்தக் காலத்து இனிப்புநீர் மாத்திரை ஒன்று இருந்தது, விழுங்கினால் ஒரு நாளோடு போகாது, உடம்பில் தங்கிச் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். வெல்லம் கொடுத்த தெம்பு கொஞ்ச நேரம். மாத்திரை இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

“காலையில மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டேன்.

“போட்டேன் மிஸ்ஸி. நீங்கதான ஒரு நாளும் விடக் கூடாதுன்னீங்க?”

“தண்ணி குடிக்காம எப்படிப் போட்டீங்க?”

“வெறும் தொண்டையில முழுங்கிட்டேன். விரதம் லா.”

அவள் அம்மனுக்கும் பயந்தாள், எனக்கும் பயந்தாள், இரண்டு பேர் சொன்னதையும் ஒரு சொட்டு மீறாமல் செய்திருந்தாள்.

டவுன் ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும் என்றேன். அவள் எழுந்து உட்கார்ந்து, “என் கொடம் எங்க?” என்றாள். கோயில் வாசல் கண்ணுக்கெதிரே இருந்தது. இத்தனை நாள் பட்டினியும் அந்தக் கொஞ்ச தூரத்துக்காகத்தான். “ஊத்திட்டு வந்துர்றேன் மிஸ்ஸி. அப்புறம் எங்க வேணும்னாலும் போலாம்.” வீரையாவின் தங்கையும் மற்றவர்களும் அவள் பக்கம். எழுந்து பேசுகிறவளை ஏன் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று அவர்களுக்குப் புரியவில்லை. நான் அவளை விட்டால் அந்த வரிசையும் தள்ளுமுள்ளும் முடிந்து பால் ஊற்ற நெடு நேரம் ஆகும். அதற்குள் எங்கே விழுவாள், விழுந்ததை அருள் என்று நினைப்பார்களா, தூக்கம் என்று நினைப்பார்களா என்று எனக்குத் தெரியாது. நான் முடியாது என்றேன். அவள் பந்தல் காலைக் கட்டிக்கொண்டாள்.

வீரையாவைப் பந்தலில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள், கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியபடி. அதுவரை அவர் வாய் திறக்கவில்லை. இப்போது என்னைக் கூப்பிட்டார்.

“நெசமாவா மிஸ்ஸி? மறுபடி விழுந்துருவாளா?”

“விழுவாங்கண்ணே.”

அவர் தன் காலைப் பார்த்தார். “லோரியில ஏத்துங்க” என்றார்.

“ஐயோ, ஒங்க காலுக்குத்தாங்க இது!” என்று அங்கம்மா அலறினாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“காலு இல்லாட்டி நான் ஒக்காந்துக்குவேன் புள்ள,” என்றார் வீரையா. “நீ இல்லாட்டி நான் எங்க ஒக்கார்றது?”

அதற்குமேல் அவள் முரண்டு பிடிக்கவில்லை. தோட்டத்து லோரியில் முன் சீட்டில் ஏற்றினோம். அழுதுகொண்டே பின்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு வருமுன்பே தலை என் தோளில் சாய்ந்தது, மறுபடி வியர்வை, மறுபடி அந்தச் சில்லிட்ட கை. உள்ளே ஓடி ஊசியை எடுத்துவந்து லோரியிலேயே ஏற்றினேன். டவுன் ஆஸ்பத்திரியில் மாத்திரையின் பெயரைச் சொன்னதும் டாக்டர் புரிந்துகொண்டு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிப் படுக்கவைத்தார். அங்கேயும் மறுநாள் ஒருமுறை சர்க்கரை இறங்கியது. வீட்டில் இருந்திருந்தால் களைத்துத் தூங்குகிறாள் என்று விட்டிருப்பார்கள்.

திருவிழா அன்று சாயங்காலம் அவளை அங்கே விட்டுவிட்டு தோட்டத்துக்குத் திரும்பும்போது கோயிலைக் கடந்துதான் போனோம். பந்தலில் கூட்டம் இல்லை. பெஞ்சில் அவளுடைய குடம் வைத்த இடத்திலேயே இருந்தது, கழுத்தில் வேப்பிலையோடு. அந்த வெயிலில் பால் எப்போதோ திரிந்திருக்கும். அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டோம் என்ற பெருமை மனசு முழுக்க இருந்தது.

அங்கம்மா வீட்டுக்கு வந்தாள். வீரையாவின் காலை ஈப்போவில் முட்டிக்கு மேலே எடுத்தார்கள். அது திருவிழாவுக்கு முன்பே முடிவானது, விரதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் புண்ணில் விஷம் ஏறிக் காய்ச்சல் கண்டு, தீபாவளிக்கு முன்னால் வீரையா போய்ச் சேர்ந்துவிட்டார். லயத்தில் பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றது.

காரியம் முடிந்த பிறகு ஒரு காலையில் அங்கம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முதல் தடவையாகத் தனியாக. பால்மாவு டின் ஒன்றை என் மேசைமேல் வைத்தாள். திறந்து பார்த்தால் அத்தனையும் மாத்திரை. டாக்டர் பழையதை நிறுத்திவிட்டுப் புது மாத்திரை கொடுத்திருந்தார், அதில் ஒன்றையும் அவள் போடவில்லை.

“இதெல்லாம் நீங்களே வச்சுக்கங்க மிஸ்ஸி.”

நான் திட்ட ஆரம்பித்தேன். வேறு என்ன தெரியும் எனக்கு? காலு போகும், கண்ணு போகும் என்று பழைய பாட்டையே பாடினேன். காலைப் பறிகொடுத்த வீட்டுக்காரியிடம் காலு போகும் என்கிறேன்! அவள் நான் முடிக்கும்வரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள், கோபமே இல்லாமல்.

“நீங்க என்னையத் தூக்கிட்டுப் போனது சரிதான் மிஸ்ஸி. அவரும் ஏத்துன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவ்ளோ பேரு இருந்தாங்களே, அந்தக் கொடத்தத் தூக்க ஒருத்தரும் இல்லியா?”

இருந்தார்கள். வீரையாவின் தங்கை பக்கத்திலேயே நின்றாள், அவளும் விரதம்தான். பூசாரி இருந்தார். ஒருவருக்காக வீட்டார் இன்னொருவர் வேண்டுதலைச் செலுத்துவது அந்தக் கோயிலில் வழக்கம்தான், அது எனக்கும் தெரியும். “அண்ணே, இவங்க கொடத்த நீங்க எடுத்து ஊத்திடுங்க” என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பூசாரி தட்டியிருக்கமாட்டார். சர்க்கரையைத் தீர்த்தமாக்கிக் கொடுத்த மனிதர் அவர். லோரியில் ஏறும்போது அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தது எதை என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்கு அது வெறும் பிடிவாதம்.

அதன்பிறகு எவ்வளவு சொல்லியும் அவள் மருந்து தொடவில்லை. வீடு தேடிப் போனேன், கோப்பி கொடுத்து உட்காரவைப்பாள், மருந்துப் பேச்சை எடுத்தால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். ஆத்தாளிடம் கடன்பட்டவள் தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்துவிட்டாள் போல. அடுத்த இலையுதிர்வில், மரமெல்லாம் மொட்டையாக நின்ற காலத்தில், அவளுக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. மரம் வெட்டும் நிரையில் அவளோடு வேலை செய்தவர்கள் கேட்டதற்கு, பானாஸ்தான் என்றாளாம். எல்லாருக்கும்தான் தாகம், அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. கடையில் ஐஸ் போட்ட சிவப்புச் சர்பத்தை வாங்கி வாங்கிக் குடித்திருக்கிறாள். எங்களிடம் தூக்கிவந்தபோது நாக்கு வறண்டு வெடித்திருந்தது, கூப்பிட்டால் முனகல்கூட இல்லை. டவுனுக்கு ஏற்றிக்கொண்டு போனோம், அதே லோரி, அதே முன் சீட்டு. ரயில் கேட்டைத் தாண்டும்போது என் மடியில் மூச்சு நின்றது. இம்முறை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த பங்குனியில், காப்புக் கட்டுவதற்கு முன்பே பூசாரியைப் போய்ப் பார்த்தேன். விரதம் எடுக்கும் இனிப்புநீர்க்காரர்களை முதலில் என்னிடம் அனுப்பச் சொன்னேன், அவரும் அனுப்பினார். யாருக்கு மாத்திரையைக் குறைக்கலாம், யாரைப் பட்டினி போட விடக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டுச் சொன்னோம். பட்டினி கூடாதவர்களுக்குப் பூசாரி அந்தந்த வீட்டிலேயே இன்னொருவரைக் குடம் தூக்க ஏற்பாடு செய்தார். திட்டுவதை நான் குறைத்துக்கொண்டேன், முழுக்க விட்டேன் என்று சொன்னால் என்னோடு வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள். அப்புறம் அந்தக் கோயிலில் யாரும் அப்படி விழவில்லை. நல்லதுதான். அங்கம்மாவுக்கு அதனால் என்ன?

உங்களுக்கு ஆம்புலன்ஸ் இருக்கிறது, கருவி இருக்கிறது, எண் இறங்கினால் அது கத்தும். வெயில் காலத்தில் யாராவது விழுந்தால் என்னைவிட வேகமாகத் தூக்கிவிடுவீர்கள். தூக்குங்கள். அவர்கள் அழுதாலும் கெஞ்சினாலும் தூக்குங்கள். கதவைச் சாத்துமுன் மட்டும் ஒருமுறை அவர்கள் பார்க்கும் பக்கம் நீங்களும் திரும்பிப் பாருங்கள். அங்கே பெஞ்சின்மேல் என்ன இருக்கிறது என்று பார்த்து, யாராவது ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதை அவர் கையில் ஒப்படைத்துவிட்டு, பிறகு கதவைச் சாத்துங்கள்.